அதிகாரி திருப்தியடையும் பட்சத்தில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். நோட்டு வாங்கி வைத்தேன். உட்கார்ந்தால் கை வராது, மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் என்பது ஒரு காரணம். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் முருகனைக் குறை சொல்கிற மாதிரி யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம்தான் பெரிய காரணம். முப்பது வருஷமாகக் கிருத்திகை விரதம் விடாதவன் நான். அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் குறை சொல்ல வந்தது ஒரு தாளில் அடித்திருந்த நாலு வரியை. போன வாரம் கோயிலில் பூப் போட்டுக் கேட்டேன். நினைத்த பூவே வந்தது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். தைத்து வருகிற பீஸை நீராவிப் பெட்டியில் தேய்த்து மடிக்க அனுப்புவது என் வேலை. என் மனைவிக்கு அதே கம்பெனியில் செக்கிங். பீஸை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பழுது இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். குண்டடம் பக்கத்திலிருந்து கல்யாணமான மறு வருஷமே இருவரும் திருப்பூர் வந்துவிட்டோம். ஒரே மகள். அவளை மடத்துக்குளத்தில் கட்டிக் கொடுத்து, இருந்த நகையையும் போட்டு அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு சேர்ந்ததெல்லாம் எங்கள் ரோட்டில் இருந்த ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் போட்டோம்.

ஏன் அங்கே போட்டோம் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பெரிய வங்கியில் செலான் எழுதத் தெரியாதவனை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இங்கே கவுண்டரில் இருந்த பெண் "வாங்கண்ணா, அக்கா வரலீங்களா" என்று கேட்டுவிட்டு செலானைத் தானே எழுதிக் கொடுக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகப் போட்டோம். வேறு காரணம் சொன்னால் பொய்யாகும்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து கம்பெனிகள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். ஒரு நாள் காலை டீ டைமில், வங்கியின் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். நானும் அவளும் கம்பெனியில் சொல்லிவிட்டு ஓடினோம். வாசலில் கூட்டம். சுவரில் இங்கிலீஷில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள். எங்கள் வீட்டுக்கு எதிரே பட்டனும் ஜிப்பும் விற்கிற கடைக்கார பாய்தான் கூட்டத்துக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். பொதுநலன் கருதி வங்கியின் நடவடிக்கைகள் மறு உத்தரவு வரும் வரை கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒரு கணக்கிலிருந்து ஒரு சிறு தொகைக்கு மேல் எடுக்க இயலாது. வைப்புதாரர் தவிர்க்க இயலாத இக்கட்டில் உள்ளார் என்று அதிகாரி திருப்தியடையும் பட்சத்தில், தகுந்த தொகையை அனுமதிக்கலாம்.

"மறு உத்தரவு எப்பங்க பாய் வரும்?" என்று ஒருவர் கேட்டார்.

"மறு உத்தரவு வந்தாத்தாண்ணா தெரியும்."

தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே ஓவர்லாக் தைக்கிற ஒரு அக்கா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. "பாய், அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசிங்க. நம்ம இக்கட்டுல கெடந்தா அவருக்குத் திருப்தியாமா? நல்ல மனுசன்தான் போல" என்றது. அழுகிற நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அனுமதிக்கலாம்னுதான் போட்டிருக்கு. அனுமதிக்கணும்னு போடலை" என்றார். எனக்கு அன்றைக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

கண் விஷயம் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. நல்ல பீஸிலெல்லாம் அவள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பொண்ணு கொண்டுவந்து காட்டும். "என்னங்க்கா, கறையே இல்லியே. எதுக்கு ஒட்டுனீங்க?"

"இருந்துச்சே கண்ணு. இப்பத்தான பார்த்தன்."

கறை துணியில் இல்லை. அவள் வலது கண்ணுக்குள் இருந்தது. கறுப்பு நூல் மாதிரி ஒன்று மிதக்கிறது என்று சொன்னாள். தினமும் நூலைப் பார்க்கிறவளுக்கு நூல் தெரிவது என்ன அதிசயம் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள், பாதிக் கண்ணுக்குத் திரை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரையினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, பின்னால் இருக்கிற விழித்திரை இழுபட ஆரம்பித்திருக்கிறது, ஆபரேஷன் பண்ண வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் வரும், மீதியை நாங்கள் கட்ட வேண்டும். மீதி எங்கள் பணம்தான், எங்கள் வங்கியில்தான் இருக்கிறது. ஷட்டர் பாதி இறங்கிய மூன்றாம் நாள் இது.

கடன் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. குன்னத்தூரில் இருக்கிற அவளுடைய அண்ணன் "ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். அவள்தான் வேண்டாம் என்றாள். "நம்ம பணம் அங்க கெடக்கறப்ப எதுக்குங்க அடுத்தவிய கையப் பார்க்கோணும்? எழுதிக் குடுத்தா குடுக்கறாங்கன்னுதானுங்க பாய் படிச்சாரு." எனக்கும் அது சரியென்று பட்டது. தாளில் போட்டிருக்கிறதே. இக்கட்டு என்றால் கொடுப்பார்கள். இது இக்கட்டுதானே.

வங்கியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், கணக்கு எண் எல்லாவற்றையும் கவுண்டர் பெண்ணே எழுதிக் கொடுத்தது. கீழே பெரிதாக ஒரு வெற்றுக் கட்டம். 'தங்கள் இக்கட்டைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று மேலே அடித்திருந்தது. "இத நீங்களேதாண்ணா எழுதோணும். நான் எழுதுனா ஒத்துக்க மாட்டாங்க" என்றது.

வெளியூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். நிறைஞ்சு போச்சு என்போம். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம். கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருப்பவரிடம் போய் எப்படி இருக்கறீங்க என்று கேளுங்கள். 'சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க' என்றுதான் சொல்வார். கெட்டதை வாயால் சொன்னால் அது காதில் விழுந்து வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு எண்ணம். வாயால் சொல்வதற்கே இப்படி என்றால், பிள்ளையார் சுழி போட்ட தாளில் எழுதுவதைப் பற்றி என்ன சொல்ல.

ஒரு கிருத்திகை அன்று காலையில் குளித்து, விளக்கு வைத்து, அந்தக் கட்டத்தை எழுதினேன். அதன் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

'உ. முருகன் துணை. மதிப்பிற்குரிய அதிகாரி அய்யா அவர்களுக்கு வணக்கம். முருகன் அருளால் நானும் என் குடும்பமும் ஒரு குறையும் இன்றி நலமாக இருக்கிறோம். அதுபோல் தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் மனைவிக்கு வலது கண்ணில் ஒரு சின்ன வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பணத்தில் தேவையானதைக் கொடுத்து உதவினால் புண்ணியமாகப் போகும். தங்கள் சௌகரியம் போல் செய்யவும்.'

அவளிடம் படித்துக் காட்டினேன். "அவியளுக்குக் கொழந்தைங்க இருந்தா அதுகளையும் கேட்டதா எழுதுங்க" என்றாள். இடம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம் என்றார்கள். நிற்க நிழல் இல்லாத வாசல் அது. ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, அரை நாள் சம்பளத்தை விட்டு, போவதும் வருவதுமாக இருந்தேன். எங்களுக்கு எந்த நாளிலும் 'இல்லை' என்று ஒரு பதில் கிடைக்கவில்லை. 'இல்லை' என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே குன்னத்தூருக்கு பஸ் ஏறியிருப்பேன். இதைப் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் உள்ளே கூப்பிட்டார்கள். வங்கியைப் பார்த்துக்கொள்ள மேலே இருந்து அனுப்பியிருந்த அதிகாரி. எங்கள் ஊர்க்காரர் இல்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ என்ற மாதிரி இருந்தார். மேசையில் என் மனு. 'ஒரு குறையும் இன்றி' என்கிற இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"பெரியவரே, நீங்களே ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. வைத்தியம் சின்னதுன்னும் எழுதியிருக்கீங்க. என் சௌகரியம் போலன்னும் போட்டிருக்கீங்க. இதுல தவிர்க்க முடியாத இக்கட்டு எங்க இருக்கு?"

"அது சாமிக்குச் சொன்னதுங்க. கடுதாசின்னா அப்படித்தானுங்க ஆரம்பிக்கோணும்."

"எனக்குப் புரியுது. இந்த ஃபைலைத் தணிக்கை பண்ண வர்றவருக்குப் புரியணுமே."

"இக்கட்டுன்னா எப்படியிருக்கோணும்னு சொன்னீங்கன்னா அப்படியே எழுதிக் குடுத்தர்றனுங்க" என்றேன். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டேன்.

அவர் பக்கத்திலிருந்த கனத்த புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்தும் திருப்பினார். "இதுதான் சட்டம். பொதுநலன்னு இத்தனை இடத்துல வருது. பொதுநலன்னா என்னன்னு ஒரு இடத்துலயும் இல்லை. இக்கட்டுன்னு எனக்கு வந்த உத்தரவுல இருக்கு. எது இக்கட்டு, எத்தனை நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும், ஒண்ணும் இல்லை. எல்லாம் என் திருப்திக்கு விட்டிருக்காங்க. இன்னொரு ஊர்ல இதே வேலையில இருந்த ஒருத்தர் இரக்கப்பட்டு நாலு பேருக்குக் கொடுத்தார். எதை வச்சுத் திருப்தியடைஞ்சீங்கன்னு கேட்டுக் கடிதம் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் பதில் எழுதிட்டிருக்கார்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போலவே ஒரு வெற்றுக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கிவரச் சொன்னார். வாங்கினேன். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் ஆபரேஷன் செய்வது நல்லது என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாக பாய் படித்துச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு ஒரு வாரம். "விரைவில்னுதான் இருக்கு. அவசரம்னு இருந்தா எனக்குப் பிடிமானமா இருக்கும்" என்றார். மறுபடி டாக்டரிடம் போனேன். டாக்டர் நல்லவர். "அவசரம்னா எங்களுக்கு இன்னிக்கே பண்றதுங்க. அப்படி நான் எழுத முடியாது. ஆனா நாளைக் கடத்தாதீங்க" என்றார். எத்தனை நாள் வரைக்கும் கடத்தினால் பரவாயில்லைங்க என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். இரண்டு பேரும் சத்தியவான்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என் மனைவியின் கண் போய்க்கொண்டிருந்தது.

பாய் கடை வாசலில் வைத்துத் திட்டினார். "என்னண்ணா மனு எழுதறீங்க நீங்க? கல்யாணப் பத்திரிகையாட்டம். இப்படியே விட்டா அக்காவுக்குக் கண்ணு அவிஞ்சு போயிரும்னு எழுதுங்க. வர்றது வரட்டும்."

"அந்த வார்த்தைய எழுத மாட்டேன் பாய்."

"எழுதுனாத்தான் குடுப்பாங்கண்ணா."

"மாட்டேன்."

"அல்லா மேல சத்தியமா உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எனக்கு ஒரு டீ சொன்னார்.

இரண்டாவது மனுவில் நலம் விசாரிப்பை எடுத்துவிட்டேன். 'சின்ன' என்பதையும் எடுத்தேன். ஆனால் 'பார்வை சற்று மங்கலாகத் தெரிகிறது' என்றுதான் எழுத முடிந்தது. அது மங்கல் இல்லை. அதற்குள் அவள் அந்தக் கண்ணால் ஆளைப் பார்த்தால் ஆள் என்றுதான் தெரியும், யார் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தே குறைத்து எழுதினேன். அந்த மனுவும் ஒரு வாரம் கழித்து, போதிய விவரம் இல்லை என்று திரும்பி வந்தது.

அதிகாரியே ஒரு வழி சொன்னார். "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நான் நேர்ல பார்த்தேன்னு குறிப்பு எழுதிடறேன். அது ஒரு ஆதாரம்." அவர் மனசு இறங்கித்தான் சொன்னார். நான் அவளைக் கூட்டிப் போனேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறோம் அல்லவா.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் நின்ற வலது பக்கம்தான் அவளுக்குத் தெரியாதே.

"கண்ணு எப்படி இருக்கு?"

"இருக்குதுங்க. வயசாச்சில்லீங்களா."

"வேலைக்குப் போறீங்களா?"

"போகாம எப்படிங்க. சும்மா உக்கார முடியுங்களா?"

அவர் கையெழுத்து வாங்கப் படிவத்தை நீட்டினார். அவள் குனிந்தபோது அவருடைய சட்டைக் கைமடிப்பில் இவள் விரல் பட்டது. பட்ட விரல் அப்படியே தையலோடு ஓடி ஒரு இடத்தில் நின்றது. "இங்க தையல் உட்டிருக்குதுங்க. இப்பவே ஒரு ஓட்டு ஓட்டீருங்க, இல்லீன்னா துவைக்கத் துவைக்கப் பிரிஞ்சு வந்துரும்" என்றாள். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நெல் அளவு பிரிந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"எனக்கே தெரியாதது உங்களுக்குத் தெரியுதேம்மா. நான் இப்ப என்னன்னு குறிப்பு எழுதறது?"

அவள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. முப்பது வருஷம் துணியில் ஓடிய விரல் அது, இருட்டிலும் கண்டுபிடிக்கும். அதை நான் சொன்னேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் பார்த்ததா எழுத வேண்டியது நான் பார்த்ததைத்தானே" என்றார்.

வெளியே பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, கவுண்டர் பெண்ணிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். பிள்ளையார் சுழி போடவில்லை. முருகன் துணை எழுதவில்லை. என் வாழ்நாளில் சுழி போடாமல் நான் எழுதிய முதல் தாள் அது. அவளுக்குத் தெரியாத பக்கமாக, அவள் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்.

'என் மனைவிக்கு வலது கண் போய்க்கொண்டிருக்கிறது. இனியும் தள்ளினால் அந்தக் கண் குருடாகிவிடும்.'

இரண்டே வரி. கீழே கையெழுத்து. எழுதி முடிக்கும்போது வேர்வை தாளில் சொட்டி ஒரு எழுத்துக் கரைந்தது. அதை மறுபடி எழுத வேண்டியிருந்தது. 'குருடு' என்பதில் முதல் எழுத்து.

அதிகாரி படித்தார். "இதை முதல்லயே எழுதியிருக்கலாமே, பெரியவரே" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம், எழுதியதைப் பாயிடம் மட்டும் சொன்னேன். ஒன்பது நாளில் அனுமதி வந்தது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திரை முழுவதும் பிரிந்துவிட்டிருந்ததாம். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் தெரியும். கை ஆட்டினால் நிழல் ஆடுவது தெரியும். அவ்வளவுதான். இடது கண்ணுக்கு லேசர் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். கம்பெனியில் அவளைச் செக்கிங்கிலிருந்து எடுத்து, பீஸைக் கவரில் போடுகிற இடத்துக்கு மாற்றினார்கள்.

நான் நாலு வருஷம் தயங்கியதற்கு இன்னொரு காரணத்தை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் அதை எழுத வெட்கமாக இருந்தது. நான் எழுதினேன், அது நடந்துவிட்டது. இத்தனை வருஷம் எந்தக் கெட்ட வார்த்தையை வாயால் சொல்லாமல் காத்தேனோ, அதைச் சுழிகூடப் போடாமல் என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பலித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஒருவர் அதை என் காதுபடவே சொன்னார். நான் மறுக்கவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று கிருத்திகை கோயிலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன்.

நாலாவது கிருத்திகையன்று அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, கோயிலுக்குக் கெளம்பலீங்களா?" என்று கேட்டாள். உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு பேங்க்ல என்ற பக்கத்துல உக்காந்து என்னமோ எழுதுனீங்களே, அதுதான உங்குளுக்குக் கொடையுது? பாய் சம்சாரம் அன்னிக்கே சொல்லீருச்சு."

நான் ஒரு கீரைக் கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

"நீங்க எழுதியா எங் கண்ணு போச்சு? போன கண்ணத்தானுங்க நீங்க எழுதுனீங்க. அதையும் லேட்டா எழுதுனீங்க" என்றாள். பிறகு கீரைக் காம்பைத் தட்டில் போட்டுக்கொண்டே, "நானும் அந்த ஆபீசர்கிட்ட நல்லா இருக்கறன்னு சொன்னன். ரெண்டு பேருந்தான் சேர்ந்து கெடுத்தம். சாமி என்ன பண்ணும், எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

போனேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் 'ரெண்டு பேருந்தான்' என்று அவள் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த வங்கி பிறகு வேறொரு வங்கியோடு சேர்ந்தது. எல்லாருடைய பணமும் வந்தது. ஒரு பைசா குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போனார். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. விழப்போகிற வங்கியை நிறுத்திப் பிடிக்கச் சட்டம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஷட்டரை இறக்காமல் விட்டிருந்தால் முதலில் ஓடிவந்தவர்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள், எங்களைப் போல டீ டைமில் வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் ஷட்டரை இறக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. இக்கட்டு என்று எழுதினார்களே, எது இக்கட்டு என்று எழுதவில்லையே, அதில்தான் வருத்தம். கண் என்று ஒரு வார்த்தை, சிறுநீரகம் என்று ஒரு வார்த்தை, டாக்டர் கடிதம் வந்தால் இத்தனை நாளைக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வரி. எங்கள் கம்பெனியில் ஒரு பனியனில் எத்தனை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் கழிக்க வேண்டும் என்று சுவரில் அட்டை மாட்டியிருக்கிறார்கள். செக்கிங்கில் இருக்கிற பெண்ணின் திருப்திக்கு அதை விடவில்லை. விட்டால் அது பயந்துகொண்டு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடும் என்று முதலாளிக்குத் தெரியும். பெரிய படிப்புப் படித்து சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நடந்ததை மட்டும் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வங்கியில் பணம் போட்டவர்களுக்குச் சொல்லுங்கள், மனு எழுதப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் சட்டம் எழுதுகிறவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது மாற்றாதீர்கள். எங்கள் கதை ஊருக்குள் ஏற்கெனவே பல மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அதிகாரி லஞ்சம் கேட்டார் என்று ஒருவர் சொல்கிறார். கேட்கவில்லை. பாய்தான் மனு எழுதிக் கொடுத்தார் என்று இன்னொருவர். இல்லை, எழுதியது நான். முருகன் கைவிட்டுவிட்டான் என்று யாராவது சேர்த்துச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும் என்று இரண்டு கண்ணும் போய்விட்டது என்றும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு இடது கண் இருக்கிறது. நேற்று இந்தத் தாள்களைக் கிட்டத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு இடத்தில் பிழை என்று விரல் வைத்துக் காட்டினாள், திருத்திவிட்டேன். போனது வலது கண். அதை அப்படியே சொல்லுங்கள்.